முட்டுக்கட்டைக்குக் கொடுக்கும் காசு

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது, சுருக்கமாக: "ஆறு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். நல்ல மெக்கானிக்கல் வாட்ச் ஒன்றே ஒன்று, புதிதாக வாங்க ஆசை. ஆனால் எதைப் பார்த்தாலும் அறுபதுகளின் வாட்சைப் பார்த்து வரைந்த மாதிரியே இருக்கிறது. எண்ணூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் இதைவிடச் சரியாக மணி காட்டுகிறது. புது வாட்சில் அப்படி என்னதான் புதுசு? பேசாமல் பழசே வாங்கிவிடலாமா? வாங்கி வைத்தால் விலை ஏறுமா? கட்டாவிட்டால் நின்றுவிடுமாமே, அதைச் சுற்றிக்கொண்டே இருக்க ஒரு பெட்டி விற்கிறார்களே, அதுவும் வேண்டுமா?"

தம்பி, முதலில் குவார்ட்ஸ், அதாவது பேட்டரி வாட்ச் கணக்கை முடித்துவிடுவோம். அதில் நீங்கள் சொல்வதுதான் சரி. 1969 டிசம்பர் 25ஆம் தேதி டோக்கியோவில் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். அந்தக் காசுக்கு அன்று ஒரு டொயோட்டா கொரோலா கார் வந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதே சரக்கு பெட்டிக்கடை விலைக்கு இறங்கிவிட்டது. ஸ்விட்சர்லாந்தில் 1970 வாக்கில் இந்தத் தொழிலை நம்பி ஏறக்குறைய 90,000 பேர் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் மிஞ்சியவர்கள் 30,000 சொச்சம். உங்கள் எண்ணூறு ரூபாய் வாட்ச் ஒரு மாதத்தில் தவறுகிற பதினைந்து இருபது வினாடியை, நல்ல மெக்கானிக்கல் வாட்ச் நாலைந்து நாளிலேயே தவறிவிடும். மணி பார்க்க மட்டும் என்றால் அது அன்றைக்கே தோற்ற ஆட்டம்.

அப்புறம் எதற்குக் காசு? என்னைக் கேட்டால் முட்டுக்கட்டைக்கு.

உங்கள் ஊர் கோனியம்மன் தேரோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஊரே வடம் பிடித்து இழுக்கும். ஆனால் தேர் எப்போது நகரும், எவ்வளவு நகரும், எங்கே நிற்கும் என்பதெல்லாம் சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே ஓடுகிற ஆட்கள் கையில் இருக்கிறது. கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பார்கள், தேர் நிற்கும். உருவுவார்கள், நகரும். மறுபடி கொடுப்பார்கள். கட்டை தேய்ந்து புகைகிற வாசனைகூட வரும்.

வாட்சுக்குள் வடம் இழுக்கிற கூட்டம் மெயின் ஸ்பிரிங். சாவி கொடுத்ததும் சுருண்டு, விரியத் துடிக்கிற ஒரு பட்டைச் சுருள். தடுக்க ஆள் இல்லாவிட்டால் அது சில நொடியில் மொத்தமாக விரிந்து முட்களைக் காற்றாடி மாதிரிச் சுற்றிவிடும். அதற்கு முட்டுக்கட்டை போடுகிற உறுப்புக்குப் பெயர் எஸ்கேப்மென்ட். ஒரு பல்சக்கரம், அதன் பல்லை நிறுத்தி நிறுத்தி விடுகிற ஒரு கவை. எப்போது நிறுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தாளம் சொல்வது பேலன்ஸ் வீல், அதோடு சேர்ந்த ஹேர் ஸ்பிரிங். நீங்கள் கேட்கிற டிக் டிக் சத்தம் கட்டை பல்லில் இடிக்கிற சத்தம்தான்.

என் அப்பாவின் எச்எம்டி ஜனதாவில் இது வினாடிக்கு 5 தடவை நடக்கிறது. இன்றைய வாட்சுகளில் பெரும்பாலும் 8 தடவை. அதாவது ஒரு நாளைக்கு 6,91,200 முறை, வருடத்துக்கு இருபத்தைந்து கோடிக்கும் மேல். இவ்வளவும் நடந்து, ஒரு நாளின் 86,400 வினாடியில் ஐந்து வினாடி பிசகுகிறது என்றால், பதினேழாயிரத்தில் ஒரு பங்குதான் தப்பு. பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. எனக்கு இந்த ஆச்சரியம் இன்னும் ஆறவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புது வாட்சில் புதுசு எது? முகத்தில் ஒன்றும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். புதுசு எல்லாம் இந்த முட்டுக்கட்டையில்தான் நடக்கிறது.

லண்டனில் தாமஸ் மட்ஜ் என்பவர் 1750களில் கண்டுபிடித்த லீவர் எஸ்கேப்மென்ட்தான் இன்றைக்கும் உலகத்தின் மெக்கானிக்கல் வாட்சுகளில் பெரும்பாலானவற்றில் ஓடுகிறது. பிரமாதமான சங்கதி. ஒரே குறை, அதிலும் கட்டை தேய்கிறது. சக்கரத்தின் பல், கவையில் பதித்த மாணிக்கக் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டே தள்ளுகிறது. வழுக்க எண்ணெய் வேண்டும். எண்ணெய் சில வருடத்தில் இறுகும், இல்லையென்றால் இடம் விட்டு நகரும். ஓட்டம் கெடுகிறது, சர்வீஸுக்குக் கொடுக்கிறோம்.

இதை மாற்ற முயன்றவர்களில் ஜார்ஜ் டேனியல்ஸை மறக்க முடியாது. லண்டனில் வளர்ந்து ஐல் ஆஃப் மேன் தீவில் குடியேறி, ஸ்குரூ முதல் முள் வரை எல்லாவற்றையும் தானே செய்து வாட்ச் கட்டியவர். எழுபதுகளில் அவர் வடிவமைத்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்டில் பல் வழுக்காமல் நேராக உந்தும்; எண்ணெயை நம்பியிருப்பது வெகுவாகக் குறையும். அதை எடுத்துக்கொண்டு ஸ்விஸ் கம்பெனிகளின் படியேறி இறங்கினார். வருடக்கணக்கில் யாரும் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் 1999இல் ஒமேகாதான் அதை வாட்சில் வைத்து விற்றது. இன்று ஒமேகாவின் மெக்கானிக்கல் வாட்சுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அமைதி. 2020இல் கிராண்ட் செய்கோ தன் 9எஸ்ஏ5 இயந்திரத்தில், ஒரு பக்கம் பேலன்ஸை நேரடியாகத் தட்டும் புது எஸ்கேப்மென்டைக் கொண்டுவந்தது. வினாடிக்கு 10 துடிப்பு, ஒரு தடவை முழுச் சாவி கொடுத்தால் 80 மணி நேரம். வேகமாகத் துடிக்கிற வாட்ச் சீக்கிரம் நின்றுவிடும் என்பது பழைய விதி. அதை உடைத்ததால்தான் இது பேசப்பட்டது. 2025இல் ரோலெக்ஸ் தன் லேண்ட்-டுவெல்லர் வாட்சில் சிலிக்கான் சக்கரங்களை வைத்து டைனபல்ஸ் என்ற எஸ்கேப்மென்டைக் கொண்டுவந்தது. அதன் விலை உங்கள் ஆறு லட்சத்தைத் தாண்டும், கடையில் உடனே கையில் கொடுக்கவும் மாட்டார்கள். விஷயம் என்னவென்றால், கிட்டத்தட்ட 270 வருடப் பழைய பொருளில் நம் காலத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது.

இந்த வரிசையில் சேராத ஒன்று ஸ்பிரிங் டிரைவ். செய்கோவின் யோஷிகாசு அகஹானே என்ற பொறியாளர் 1977இல் யோசித்தது. விற்பனைக்கு வந்தது 1999இல். வடம் இழுப்பது இதிலும் மெயின் ஸ்பிரிங்தான், ஆனால் முட்டுக்கட்டையே கிடையாது. கடைசிச் சக்கரம் ஒரே திசையில் வினாடிக்கு 8 சுற்று சுற்றுகிறது. அந்தச் சுழற்சியிலேயே துளி மின்சாரம் உண்டாகி, ஒரு குவார்ட்ஸ் துண்டை எழுப்பி, அது காந்த பிரேக் போட்டு வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. பேட்டரி கிடையாது. வினாடி முள் துடிக்காமல் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போவதை ஒரு தடவை பாருங்கள், கண்ணை எடுக்க மாட்டீர்கள். வழக்கமான கணக்கு நாளைக்கு 1 வினாடிக்குள். 2025இல் வந்த யுஎஃப்ஏ என்ற வகையில் வருடத்துக்கு 20 வினாடிக்குள். உங்கள் குவார்ட்ஸ் தோற்றுவிட்டது! இதை மெக்கானிக்கல் என்று சேர்க்கலாமா என்று வாட்ச் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் சண்டை வரும். நான் சேர்ப்பேன்.

அடுத்தது காந்தம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை எட்டு மணிக்குச் சரியாக வைத்துக் கட்டிய வாட்ச், மதியச் சாப்பாட்டுக்குள் பத்து நிமிடம் முன்னால் ஓடியிருந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல், முழுசாகப் பிரித்து ஓவர்ஹாலிங் பண்ண வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை. நடைபாதையில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து குழந்தைகள் விளையாடுகிற திசைகாட்டி ஒன்றை எடுத்து வாட்சுக்குப் பக்கத்தில் வைத்தார். ஊசி விலுக்கென்று திரும்பியது. "எங்க சார் வெச்சீங்க இத?" என்றார். யோசித்துப் பார்த்தால், முந்தின ராத்திரி டேப்லெட்டின் காந்த மூடி மேலேயே கழற்றி வைத்திருக்கிறேன். அடுத்து, காந்தத்தை இறக்குகிற பெட்டி ஒன்றை எடுத்தார். நீல நிறம், சோப்பு டப்பா அளவு. அதன் மேல் வாட்சை வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெல்ல மேலே தூக்கினார். இரண்டு தடவை. திசைகாட்டி ஊசி அசையவில்லை. நூறு ரூபாய் கொடுத்தேன். சில்லறை இல்லை என்று ஒரு டீ வாங்கித் தரச் சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். ஹேர் ஸ்பிரிங் தலைமுடிப் பருமன்தான் இருக்கும். காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகி, தாளம் வேகமெடுக்கும். இந்தச் சின்னச் சுருள் படுத்திய பாட்டுக்கு ஒரு நோபல் பரிசே உண்டு. வெப்பத்தில் நீளாத நிக்கல் இரும்புக் கலவைகளைக் கண்டுபிடித்ததற்காக 1920இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஷார்ல் எடுவார் கியோம், ஃப்ளூரியே என்ற ஸ்விஸ் வாட்ச் ஊரில் பிறந்தவர். அவர் கலவைகள் வெப்பத்தைச் சமாளித்தன. காந்தத்தை முழுசாகச் சமாளித்தது இந்த நூற்றாண்டில் வந்த சிலிக்கான். இரும்பே இல்லாத இடத்தில் காந்தத்துக்கு என்ன வேலை?

உங்கள் அப்பா காலத்தில் வீட்டில் காந்தம் என்றால் ஸ்பீக்கர் ஒன்றுதான். இன்று போன் உறை, ஹெட்போன், லேப்டாப் மூடி, ஹேண்ட்பேக் கொக்கி எல்லாம் காந்தம். அதனால் தினம் கட்டப் போகிறவர் என்றால் காந்தம் தாங்குவதை நான் ஆடம்பரமாகவே எண்ண மாட்டேன். காந்தம் தாங்கும் வாட்ச் என்று சொல்லிக்கொள்ளச் சாதாரண சர்வதேசத் தரம் கேட்பது ஏறக்குறைய 60 காஸ் (காந்தத்தின் பலத்தை அளக்கிற அலகு). ஒமேகாவும் ஸ்விஸ் அரசின் அளவையியல் நிறுவனமான மெட்டாஸும் சேர்ந்து 2015இல் தொடங்கிய மாஸ்டர் குரோனோமீட்டர் சோதனை கேட்பது 15,000 காஸ்.

சான்றிதழ் என்று சொல்லும்போது ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். டயலில் குரோனோமீட்டர் என்று மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலும் கோஸ்க் என்ற அமைப்பின் சோதனை. 15 நாள், 5 நிலை, 3 வெப்பநிலை. நாளைக்கு 4 வினாடி பின்னால் முதல் 6 வினாடி முன்னால் வரை போகலாம். ஆனால் சோதிப்பது பெட்டியில் அடைக்காத வெறும் இயந்திரத்தை. மெட்டாஸ் முழு வாட்சையும் சோதிக்கிறது. 0 முதல் 5 வினாடி முன்னால் வரைதான் அனுமதி. பின்னால் போகவே கூடாது. பஸ் பிடிக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

சரி, காசு போகிற இன்னொரு இடம் கைவேலை. கடைக்குப் போகும்போது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றை எடுத்துப் போங்கள், முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டயலைப் பார்க்க வேண்டாம், நிமிட முள்ளின் விளிம்பைப் பாருங்கள். ஐம்பதாயிரம் ரூபாய் வாட்சில் விளிம்பு லேசாக உருண்டிருக்கும், வெட்டிய இடத்தில் பிசிறு தெரியலாம். கிராண்ட் செய்கோவின் முள்ளை அதே லென்ஸில் பாருங்கள். மேல்தளம் ஒரு கண்ணாடி, சரிவு இன்னொரு கண்ணாடி, இரண்டும் சந்திக்கிற கோடு கத்தி மாதிரி. வாட்சை ஒரு டிகிரி திருப்பினால் வெள்ளையாக இருந்த முள் கருப்பாகும். வாட்சின் உலோகக் கூட்டின் பளபளப்பில் குழல்விளக்கின் பிம்பம் நெளியாமல் நேராக விழும். சரட்சு என்று அவர்கள் சொல்லும் அந்த மெருகை, சுழலும் தட்டில் கையால் பிடித்துத்தான் ஏற்றுகிறார்கள். விற்பனையாளர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், ஆறு லட்சம் உங்களுடையது.

டூர்பியோன், அதாவது பேலன்ஸையும் எஸ்கேப்மென்டையும் சேர்த்தே சுழற்றுகிற கூண்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லி மயக்குவார்கள். பிரெகே என்ற கடிகார நிபுணர் 1801இல் காப்புரிமை வாங்கியபோது, சட்டைப் பையில் நட்டுக்க நின்ற கடிகாரத்துக்கு அது தேவைப்பட்டது. கை ஆட்டத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை, பார்க்க அழகு. ஓசூரில் டைட்டன்கூட ஒன்று செய்து காட்டிவிட்டது. பார்த்து ரசியுங்கள், பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மூன்றைக் கையில் கட்டிப் பார்ப்பேன். ஒன்று, ஒமேகா அக்வா டெர்ரா 38 மில்லிமீட்டர். நான் மேலே புலம்பியதற்கெல்லாம் பதில் அதில் இருக்கிறது: கோ-ஆக்சியல், சிலிக்கான் சுருள், 15,000 காஸ், 150 மீட்டர் வரை தண்ணீர். இரண்டு, ஸ்பிரிங் டிரைவ் வைத்த கிராண்ட் செய்கோ ஸ்னோஃபிளேக். பனி படிந்த மாதிரி டயல், சூட்டில் நீலமாக்கிய வினாடி முள், டைட்டானியம் என்பதால் கையில் கனமே தெரியாது. மூன்று, டியூடர் பிளாக் பே 58. இதில் இரண்டு லட்சம் போல மிச்சமாகும். 39 மில்லிமீட்டர், 70 மணி நேரச் சாவி, சிலிக்கான் சுருள். மெருகு மற்ற இரண்டின் பக்கத்தில் நிற்காது, ஆனால் சுவரில் இடித்தால் வயிறு கலங்காது. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகிறது, கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால் பான் எண் கேட்பார்கள்.

என் ஓட்டு அக்வா டெர்ராவுக்கு. மனசு ஸ்னோஃபிளேக்கில் இருக்கிறது. ஒரே ஒரு வாட்ச் என்கிறீர்கள், தினம் கட்டுவீர்கள், அதனால் ஓட்டு ஓட்டுதான்.

கட்டிப் பார்க்கும்போது டயலின் விட்டத்தை நம்ப வேண்டாம். ஸ்ட்ராப் மாட்டும் மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை எவ்வளவு என்று பாருங்கள். மணிக்கட்டு 16, 17 சென்டிமீட்டர் என்றால் 48, 49 மில்லிமீட்டருக்கு மேல் போனால் காதுகள் கைக்கு வெளியே துருத்தும். நம் வெயிலுக்குத் தோல் ஸ்ட்ராப் ஒரு வருடம் தாங்கினால் பெரிது. செயினோடு வாங்கிவிட்டு, வேண்டுமானால் பிறகு தோல் மாட்டிக்கொள்ளுங்கள். செயினைத் தனியாக வாங்கப் போனால் விலை கண்ணைக் கட்டும்.

பழசு வாங்கலாமா என்றால், முதல் வாட்சாக வேண்டாம். பழைய வாட்சில் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் கை கழுவும்போது கழற்ற வேண்டியிருக்கும். நம் ஊர்ச் சந்தையில் இன்னொரு தொல்லை, டயலை மறுபடி பெயின்ட் அடித்து, நாலு வாட்சின் உறுப்பைச் சேர்த்து, அந்தக்கால ஒரிஜினல் என்று விற்பது. எச்எம்டி பைலட்டில் மட்டும் எத்தனை நிறம் கண்டிருக்கிறேன் தெரியுமா? லென்ஸ் பழகி, நாலு வருடம் கழித்துப் பழசுக்கு வாருங்கள். அப்போது என்னையும் கூப்பிடுங்கள்.

விலை ஏறுமா? ஏறாது என்றே எண்ணி வாங்குங்கள். ரோலெக்ஸிலும் வேறு சிலவற்றிலும் குறிப்பிட்ட மாடல்கள்தான் கடை விலைக்கு மேல் போகின்றன. அவையும் 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய் அங்கிருந்து சறுக்கின. அந்த உச்சியில் வாங்கியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்ன மூன்றும் கடை வாசலைத் தாண்டியதும் விலை இறங்கும். அதோடு சர்வீஸ் செலவையும் சேருங்கள். ஐந்திலிருந்து எட்டு வருடத்துக்கு ஒரு தடவை, சில பத்தாயிரங்கள் ஆகும். ஸ்விஸ் வாட்சுகளுக்கான சுங்க வரி, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, ஏழு வருடத்தில் படிப்படியாக இல்லாமல் போகிறது. அதற்காகக் காத்திருக்காதீர்கள், வரி இறங்குகிற வேகத்தில் கம்பெனி விலையை ஏற்றும்.

கடைசியாக அந்தச் சுற்றும் பெட்டி. வேண்டாம். கழற்றி வைத்தால் இரண்டு மூன்று நாளில் நிற்கும், நிற்கட்டும். நின்ற வாட்சில் தேய்மானமும் இல்லை. மறுபடி கட்டும்போது இருபது முப்பது சுற்று சாவி கொடுத்து, மணி வைத்துக் கட்டுங்கள். தேதி உள்ள வாட்ச் என்றால் ஒன்று மட்டும் கவனம்: இரவு ஒன்பது மணியிலிருந்து விடிகாலை மூன்று மணி வரை தேதியை நேராகத் திருப்பாதீர்கள். அந்த நேரத்தில் பல வாட்சுகளில் தேதிச் சக்கரத்தை உள்ளே பல் பிடித்திருக்கும், உடைந்தால் உங்கள் செலவு. முட்களை ஆறு மணிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேதியை மாற்றி, பிறகு மணியைச் சரி செய்யுங்கள்.